பொருத்திப் பார்த்தால்தான்

அச்சைப் பிளந்ததும் ஒரு பெண்ணின் வலது பாதம் கந்தக நெடியோடு வெளியே வந்தது. ஐந்து விரல்களும் நகத்தோடு அப்படியே இருந்தன. கால்காரர் அதை இடுக்கியால் திருப்பிப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

கால் இழந்தவர்களுக்கு ரப்பர் பாதம் செய்வது அவர் தொழில். அதனால் தெருவுக்கே அவர் கால்காரர். உண்மையில் அவருக்கு நீளம் வாய்தான்.

"தொட்டுடாதம்மா, சுடும்" என்றார், எதிரே நின்ற தையல்காரியிடம். அவளுக்கு இரண்டு காலும் நன்றாகவே இருந்தன. பாதம் அவளுடைய தங்கைக்கு. இருவரும் இரட்டையர், ஒரே அச்சு என்பதால் அளவுக்குத் தன் காலையே நீட்டியிருந்தாள்.

"இது மண்ணுக்குள்ள கெடந்தா மக்கிடுமா அண்ணே?"

"நல்லா கேட்டே போ! பச்சை ரப்பர்னா வெயில்ல இளகும், குளிர்ல வெடிக்கும். இது கந்தகம் சேர்த்து வேகவச்சது. நீயும் நானும் மக்குனதுக்கு அப்புறமும் இருக்கும்."

அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அது போதும். குடுங்கண்ணே."

"எங்க குடுக்கிறது? மாட்டுறவங்க வந்து, என் கண்ணு முன்னாடி நடந்து காட்டணும். பொருத்திப் பார்க்காம நான் ஒரு காலையும் வெளிய விட்டதில்ல."

"அவ வர மாட்டாண்ணே."

"அப்ப காலும் வராது."

எவ்வளவு கெஞ்சியும் மனுஷர் மசியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் மதியம் ஓட்டமும் நடையுமாக வந்தாள். "காலையில கண்ணசந்தவ இப்பதான் எழுந்தேன். இப்படித் தூங்கி எத்தனையோ நாளாச்சு" என்றவள், சட்டென்று உடைந்து அழுதாள்.

"உங்ககிட்ட மறைச்சிட்டேண்ணே. தங்கச்சி உயிரோட இல்ல. லாரி ஏறி நசுங்கின காலை ஆஸ்பத்திரியில எடுத்தாங்க, அப்பவும் பொழைக்கல. ஒத்தக் காலோடதான் புதைச்சோம். அன்னையிலேருந்து வீடு முழுக்க நொண்டி நொண்டி நடக்கிறா. காதைப் பொத்தினாலும் கேக்குது. அவ குழியில இந்தக் காலை வச்சிட்டா, அவளும் தூங்குவா, நானும் தூங்குவேன்."

கால்காரர் கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தார். மெல்லத் திரும்பி அலமாரியைப் பார்த்தார். பாதம் வைத்திருந்த இடம் காலியாக இருந்தது.

"காலையிலேயே உன் தங்கச்சி வந்து, நடந்து காட்டி வாங்கிட்டுப் போயிட்டாங்களேம்மா!"