மைக் திறந்திருக்கிறது

பழைய பிரிட்டிஷ் படங்களைப் பற்றிய ஆன்லைன் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்தவர் கணவர். வகுப்பு தொடங்குமுன் அவர் கண்ணை மூடிவிட்டார். அவர் பிடித்துவைத்த இடம் வீணாவானேன் என்று, தையல் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு, மனைவியே கணினி முன் உட்கார்ந்தாள். கேமராவை மட்டும் அவள் ஒருநாளும் திறந்ததில்லை.

அன்றைய கறுப்பு வெள்ளைப் படத்தில் மூடுபனிக்குள் ரயில் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஆசிரியை படத்தை நிறுத்தினார்.

"தையலம்மா, உங்க மைக் திறந்திருக்கு. பக்கத்துல இருக்கிறவரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க. கொலைகாரன் யாருன்னு இப்பவே போட்டு உடைக்கிறாரு."

"எங்க வீட்டுக்காரருக்கு மேல இருப்பாரு போல!" என்று ஒருத்தி சிரித்தாள்.

வீட்டில் வேறு யாருமில்லை. அவள் காதில் எதுவும் விழவுமில்லை. ஆனால் முடிவைப் போட்டு உடைப்பது கணவரின் தீராத வியாதி. மைக்கை மூடினால் அவர் போய்விடுவாரோ என்று தோன்றியது. மூடவில்லை.

படம் முடிந்து, திரையில் 'தி எண்ட்' என்ற எழுத்து நின்றது. அறை இருட்டிவிட்டிருந்தது. அவள் எழுந்து சுவரைத் தடவினாள்.

"டீச்சர், இப்ப ஏதாவது சொல்றாரா?"

ஆசிரியை காதைத் தீட்டிக் கேட்டார்.

"ஆமாம்மா. 'எழுத்து மறையட்டும் குண்டூசி, அதுக்குள்ள விளக்கைப் போட்டுடாத'ங்கிறாரு. யாரும்மா அது, குண்டூசி?"

அவள் விரல் சுவிட்சின் மேல் இருந்தது.