பெரிய வியாழன் கதிரை

எங்கள் பங்குக் கோயில் பெரிய சுவாமிக்கு வயதுபோய் மூளை குழம்பிவிட்டது என்றுதான் நான் முடிவுகட்டினேன்.

பின்னே என்ன? பெரிய வியாழனன்று பன்னிரண்டு பேரை அப்போஸ்தலர்களாகக் கதிரையில் இருத்தி, இயேசு செய்ததுபோல சுவாமி முழந்தாளிட்டு அவர்களுடைய காலைக் கழுவுவார். கொட்டாஞ்சேனையில் பெரிய மனிதர்களுக்கா பஞ்சம்? எங்கள் சவிரிமுத்துச் சுவாமி பிடித்து வைத்திருப்பதோ துறைமுகத்தில் நிலக்கரி சுமக்கிறவர்களையும் றிக்‌ஷா இழுக்கிறவர்களையும்.

நான் புதுக்கடைக் கோட்டில் மொழிபெயர்ப்பாளன். நான் இல்லாவிட்டால் வெள்ளைக்கார நீதவானுக்கு ஒன்றும் விளங்காது என்று நானே ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அதோடு, என் மகளைப் பெண் கேட்டிருக்கும் வெள்ளவத்தைக்காரர் அன்றைக்கு எங்கள் கோயிலுக்கு வருகிறார்கள். அவர்கள் கண்முன்னால் நான் கடைசி வாங்கில் கிடந்தால் சம்பந்தம் என்னாவது?

போய்க் கேட்டேன்.

"சுவாமி, கோயிலுக்கு ஒரு கௌரவம் வேண்டாமோ? அந்தக் கதிரையில என்னைப்போல ஆக்கள் இருந்தால்..."

செருப்பில்லாத காலோடு முற்றத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"ஓம், றேமண்ட். ஒராள் காய்ச்சலில கிடக்கிறான். நீர் வந்து இரும்."

இவ்வளவு சுலபமா! நான் தயாரித்துக்கொண்டு போன பேச்சில் முக்கால்வாசி வீணாய்ப்போனது.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். குதி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இதையா சம்பந்திமாருக்குக் காட்டுவது?

வேலைக்காரி குப்பாயியைக் கூப்பிட்டேன். சுடுதண்ணீர், சவுக்காரம், தேங்காய்த் தும்பு எல்லாம் வந்தன.

"இன்னும் தேய்."

"தோலு உரியுதுங்கய்யா."

"உரியட்டும்."

என் மனைவி ஐறீன் எட்டிப்பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, அங்க சுவாமி கழுவத்தானே போறார்? பிறகேன் இங்க?"

"ஊத்தைக் காலோட போய்க் கழுவுவிக்கிறதோ? சனம் என்ன நினைக்கும்?"

போகும்போது காலில் வாசனைக்கு ஓடிக்கொலோனும் பூசிக்கொண்டேன்.

கோயிலில் நிற்க இடமில்லை. சம்பந்திமார் முன் வாங்கில். எனக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு கரி சுமக்கிறவன். அவன் காலிலிருந்து, கீழே வைத்த பேசினுக்குள் தண்ணீர் கறுப்பாக வடிந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சுவாமி என் முன்னால் முழந்தாளிட்டார். தண்ணீர் வார்த்தார். வார்த்த தண்ணீர் வார்த்தபடியே தெளிவாகப் பேசினுக்குள் விழுந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆரோ முதலே கழுவிப்போட்டினமே. ஆர்?" என்று மெல்லக் கேட்டார்.

"குப்பாயி, சுவாமி. வீட்டு வேலைக்காரி."

"நல்லாக் கழுவியிருக்கிறா."

துடைத்தார், முத்தமிட்டார். எழும்பும்போது என் காதோடு கேட்டார்:

"அவவின்ர காலை ஆர் கழுவுறது?"

பதிலுக்கு நிற்காமல் அடுத்த கதிரைக்குப் போய்விட்டார்.

சம்பந்திமாருக்கு வெகு சந்தோஷம். இத்தனை பேருக்குள் சுவாமி என்னோடு மட்டும் கதைத்தாராம். என்ன சொன்னார் என்று கேட்டார்கள்.

"ஆசீர்வதிச்சவர்" என்றேன். கோட்டில் ஒரு நாளும் நான் இவ்வளவு பிழையாக மொழிபெயர்த்ததில்லை.

சவிரிமுத்துச் சுவாமி போன மாதம் மோட்சமாகிவிட்டார். அவருடைய அங்கியைச் சனம் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டுபோய் வீட்டில் வைத்துக் கும்பிடுகிறது. அவர் தொட்டுச் சுகமான கதைகள் ஆளுக்கு ஒன்று இருக்கின்றன. எனக்கு அந்தக் கேள்வி மட்டும்தான். அன்றைக்கு அது என்னைச் சாப்பிடவும் விடவில்லை.

கோயிலால் வீட்டுக்கு வந்ததும் பேசினில் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானே குசினிக்குள் போனேன்.

"குப்பாயி, அந்தப் பலகையில இரு. காலை நீட்டு."

"ஐயோ, என்னங்கய்யா இது!"

"இரு எண்டுறன்."

பயந்து உட்கார்ந்தாள். நான் முழந்தாளிட்டேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தலைமுந்தானையைச் சரிசெய்துகொண்டு யன்னல் பக்கம் எட்டிப்பார்த்தாள்.

பிறகு மெல்லக் கேட்டாள்:

"பாக்கறதுக்கு யாரு வந்திருக்காங்கய்யா?"