பதினோராவது எலி

1966 ஆடியில் சம்பவநாதன் சென்னை ஆய்வுக்கூடத்திலிருந்து பத்து வெள்ளெலிகளைக் கூண்டில் பூட்டிச் செஞ்சிக்குக் கொண்டுவந்தான். சத்தம் கேட்டால் வலிப்பு வரும் பரம்பரை அவை. மூளையில் ஒரு நொதி குறைவாக வேலை செய்கிறது என்றான்.

பெற்ற நைனாவைப் போலவே வலிப்பு உள்ள அக்கா ராஜமதி ஏழு மாதக் கர்ப்பிணி. “எம் புள்ளைக்கும் வருமாடா?” என்று கேட்டாள். அவன் மல்லாட்டையை உடைத்துப் பருப்பைக் கூண்டுக்குள் போட்டான்.

பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. பத்து எலிகளும் துடித்து விழுந்தன. பதினோராவது எலி மல்லாட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது.

பூட்டு பூட்டியபடியே இருந்தது. அதன் வாலிலும் அவன் வைத்த மை அடையாளம் இருந்தது.

“அதுவும் இதுங்க வம்சந்தானா?”

“ஆமாக்கா. ஆனா பத்துதான் எடுத்தாந்தேன்.”

விழுந்தவை மெல்ல எழுந்தன. ராஜமதி அவற்றை எண்ணிப் பார்க்கவில்லை. “அப்ப வந்தே தீரணும்னு இல்ல” என்றாள். அன்றைக்குத்தான் தொட்டிலுக்குச் சேலை எடுத்து வைத்தாள்.