பவுடரில் விழுந்த கோடு

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் ஆயில் ஒழுகியது. இன்ஜினின் அடியிலிருந்த போல்ட்டில் சொட்டு தொங்கியதால், மெக்கானிக் எபநேசர் அதையே வாரந்தோறும் முறுக்கினார்.

"நான் ஒழுகலைண்ணே, மேலேருந்துதான் வருது. நீங்களாவது சொல்லுங்க" என்று போல்ட் இன்ஜினின் மேல்மூடியிடம் கெஞ்சியது.

"எனக்கென்ன தெரியும்? சொட்டு உன்கிட்டதானே நிக்குது" என்றது மூடி.

ஒருநாள் எபநேசர் இன்ஜினைத் துடைத்து, கசிவின் தடம் தெரிவதற்காக முகப்பவுடர் தூவி, ஓடவிட்டுப் பார்த்தார். வெள்ளையில் ஒரு கறுப்புக் கோடு மூடியின் விளிம்பில் தொடங்கி போல்ட்வரை இறங்கியிருந்தது.

மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் புதுப் பேக்கிங் போட்டார். முறுக்கி முறுக்கி மரை தேய்ந்துபோன போல்ட்டைக் கழற்றிப் பழைய இரும்போடு எறிந்தார்.

புதிதாக வந்த போல்ட்டிடம் மூடி சொன்னது: "முன்னாடி இருந்தவன் ஒழுகுவான். நீயாவது பார்த்து நடந்துக்கோ."