இரண்டு புறங்கைகள்

கண்ணாடி மேசையின் வெள்ளை விளக்கில் விற்பனைப்பெண்ணின் இடது புறங்கை பளபளக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் க்ரீமைத் தடவிக் காட்டுவது அந்தக் கையில்தான். சாம்பிளை மறு கையில் தடவிக்கொண்டால் மேனேஜர் முறைப்பார். அதனால் வலது கை எப்போதும் மேசைக்கு அடியிலேயே கிடக்கிறது. எதிரே நிற்கும் அம்மாள் கொலாஜன் பவுடர் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். "அக்காவும் நானும் சேர்ந்து நின்னா என்னைத்தான் மூத்தவளான்னு கேக்குறாங்கம்மா. இதைக் குடிச்சா தோல் இறுகுமா?" "கூடவே சுருக்கம் போக்குற ரெட்டினால் க்ரீமும் போடுங்க மேடம். என் கையைப் பாருங்க." அம்மாள் இடது கையைத் தடவிப் பார்க்கிறாள். வழவழவென்றிருக்கிறது. "எங்கே, அந்தக் கையையும் காட்டு." விற்பனைப்பெண் டப்பாக்களை நேராக்குகிறாள், தொண்டையைச் செருமுகிறாள், கடைசியில் வேறு வழியில்லாமல் வலது கையை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்துச் சுருங்கி வெடித்த கை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வியாபாரம் போச்சு என்று அவள் தலை குனிகிறாள். அம்மாள் சாம்பிள் டப்பாவில் விரலை விட்டு, கொஞ்சம் க்ரீமை வழித்தெடுத்து, அந்த வலது கையில் விரலிடுக்குவரை நிதானமாகத் தேய்க்கிறாள். "இதுவும் கூடப் பொறந்ததுதானேம்மா."