முதல் நாற்காலிக்குக் கீழே

பொன்னையாவின் உதடு செத்துப்போய் ஏழு மாதம் ஆகிறது. இருபத்தாறு வருடம் இந்த ஆர்கெஸ்ட்ராவின் முதல் நாற்காலியில் ஹார்ன் என்ற பித்தளைக் குழலை ஊதிய உதடு, ஒருநாள் ஒத்திகையில் நடுங்கியது. அப்புறம் ஒரு சுரத்தைக்கூடப் பிடிக்க மறுத்துவிட்டது. அன்றிலிருந்து அவர் ஹார்னை வாயில் பொருத்தி, கழுத்து நரம்பு புடைக்க, ஊதாமலே விரல்களை மட்டும் அசைத்துவருகிறார். அவர் களைத்துப்போகாமல் இருக்க இடையிடையே ஊதித் தருவதற்கென்று பக்கத்தில் இன்னொரு ஹார்னோடு உட்காரவைக்கப்பட்ட பிரிசில்லாதான் முழுவதையும் ஊதுகிறாள்.

"வெளிய தெரிஞ்சா உங்கள வீட்டுக்கு அனுப்பிருவாங்கண்ணே. நீங்க விரல மட்டும் அசைங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றிருந்தாள்.

இன்று ஹார்னின் தனி வாசிப்புக்கு அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. திரை விழுந்ததும் இசை நடத்துநர் ஓடிவந்து பொன்னையாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மூச்சுய்யா உமக்கு! உமக்கெதுக்கு இன்னும் தொணைக்கு ஒரு ஆளு? அடுத்த மாசத்துலேர்ந்து பிரிசில்லா வேண்டாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டேன். தனியாவே ஊதும்."

வாசித்து முடித்ததும், மூச்சு குளிர்ந்து குழலுக்குள் தேங்கும் நீரை வடிக்கும் பழக்கத்தில், பொன்னையாவின் கை தானாக ஹார்னைக் கவிழ்த்தது. ஒரு சொட்டு விழவில்லை. உதறினார். விழவில்லை.

நடத்துநரின் பார்வை தரைக்கு இறங்கியது. பிரிசில்லாவின் காலடியில் சின்னக் குட்டையாய் நீர் கிடந்தது. அவள் யாரையும் பார்க்காமல் செருப்பை நகர்த்தி அதன்மேல் வைத்துக்கொண்டாள்.