தோள்பட்டைப் பாடம்

"நான் வரலைங்க, உஷாராணிய நிக்க வெச்சி—"

"அடுத்த வூட்டுப் பொம்பளைய நான் தொட்டுக் காட்ட முடியுமாடி? ஆளு நிக்காம தசைப் பாடம் எப்படி—"

"அடுப்புல குழம்பு கெடக்குது."

"குழம்பு! அத வுட்டா வேற இன்னா தெரியும் உனுக்கு?"

பாகூரில், நவநீதன் தன் வீட்டு மாடியில் தொடங்கும் யோகா வகுப்புக்கு அன்றுதான் முதல் நாள். தெருப் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்றைக்குச் சொதப்பினால் நாளைக்கு ஒருத்தியும் படியேற மாட்டாள். அந்தப் பயமெல்லாம் பொண்டாட்டி மேல் எரிச்சலாகத் திரும்பியிருந்தது.

ஒருவழியாக வசந்தா வந்து நின்றாள். நைட்டி, மேலே ஒரு துண்டு.

பொங்கலிலிருந்து பகலிலும் இதே கோலம்தான். ஜாக்கெட் மாட்டிச் சேலை கட்டக்கூட உடம்பு வணங்காது மகாராணிக்கு.

அவரோ கரும்புக் கொல்லையைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய், எலும்பு முதல் உபநிடதம் வரை படித்து வந்தவர். மனுஷனுக்குக் கோசம் என்கிற உறை ஐந்து. அதில் இவள் முதல் கோசமாகிய சோற்று உடம்பையே தாண்டாத ஜென்மம் என்று அவர் முடிவுகட்டி ரொம்ப நாளாகிறது.

அந்தச் சோற்று வேலையிலும் இப்போது சோம்பல். அலமாரி மேல்தட்டில் இருந்த மிளகாய்த்தூள் டப்பாவும் புளிச் சட்டியும் தரைக்கு இறங்கிவிட்டன. துவைத்த துணி கொடிக்குப் போகாமல் செம்பருத்தி வேலியில் கிடக்கிறது. ஆடு வந்து மேய்ந்தால்தான் புத்தி வரும்.

சுவரில் மாட்டியிருந்த தசைப் படத்தின் தோளைப் பிரம்பால் தட்டினார் நவநீதன்.

"உடம்ப உள்ளேர்ந்து கவனிக்கிறதுதான் யோகா. இந்தத் தோள்பட்டை இருக்குதே, நம்ம உடம்புலயே நல்லா சுத்துற மூட்டு. மூச்ச இழுத்துக்கினே ரெண்டு கையும் மேல தூக்கணும். வசந்தா, செஞ்சிக் காட்டு."

வலது கை மேலே போனது. இடது கை இடுப்போரம் தங்கிவிட்டது.

"ரெண்டும்னு சொன்னேன்."

அவள் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் பெண்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "பாத்துக்குங்க. தன் உடம்பு மேல கவனமே இல்லாதவங்க எப்படி இருப்பாங்கன்னு தனியா பாடம் எடுக்கவே வேணாம்."

யாரும் சிரிக்கவில்லை.

அதில் அவருக்கு எரிச்சல் இன்னும் ஏறிவிட்டது. இடது மணிக்கட்டைப் பிடித்து மேலே இழுத்தார்.

வசந்தா உதட்டைக் கடித்தாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாகக் கட்டியது.

உஷாராணி பாயை விட்டுப் பாய்ந்து எழுந்தாள்.

"ஐயோ, வுடுண்ணே! அக்காவுக்கு அந்தக் கை தோளுக்கு மேல ஏறாது. தெனம் காலையில நீ இங்க கண்ண மூடிக்கினு தியானத்துல இருக்கறப்ப, கீழ நான்தான தலை வாரி உடறேன்?"

வசந்தாவின் மணிக்கட்டு இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

உஷாராணி அவரைப் பார்த்தாள். பிறகு, ஒன்றும் புரியாமல், வசந்தாவைப் பார்த்தாள்.

"இன்னாக்கா, அண்ணனே யோகாவுல சரி பண்ணிக்கினு இருக்காருன்னு இல்ல சொன்ன?"